வீட்டுக் கமராவை வெளிநாட்டிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்கலாமா?

நாலாம்மாடி எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் காலையில் வேலைக்கு இறங்கினால் பின்னேரம்தான் திரும்புவோம், வீட்டுவேலைக்கு வரும் அக்கா பதினொரு மணிவரை நிற்பார், அதற்குப் பிறகு அம்மா தனிய. அம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். போன மாதம் குசினி வாசலில் தலைசுற்றி விழுந்துவிட்டார், நல்லவேளையாக எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதற்குப் பிறகுதான் ஹோலுக்கு ஒன்றும் வாசலுக்கு ஒன்றுமாக இரண்டு வைஃபை கமரா வாங்கினோம்.

பூட்ட வந்த தம்பி ஹோல் கமராவைப் போட்டு எங்கள் போனில் படம் வரச் செய்துவிட்டார். என் அக்கா டொரண்டோவில் இருக்கிறார், தூங்கப் போகுமுன் அம்மாவை ஒருக்கால் பார்த்துவிட்டுப் படுக்கிறேன் என்கிறார். "அப்படியென்றால் ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டும், இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி ஒன்று கேட்டு எடுங்கள், நான் வந்து திறந்து தருகிறேன், உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம்" என்று தம்பி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கமராவின் பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்ட் ஒன்றிலிருந்து ஆறு வரை. மாற்றச் சொல்லிக் கேட்டேன், மாற்றினால் மறந்துபோவீர்கள், அப்படியே இருக்கட்டும் என்றார்.

கணவருக்கு இதில் மனமில்லை. எனக்கும்தான். அம்மா பகலில் ஹோலில்தான் படுப்பார், சிலவேளை உடுப்பு மாற்றுவதும் அங்கேயே. "இதைப் பிறத்தியார் யாரும் பார்க்க மாட்டார்கள்தானே பிள்ளை" என்று கேட்கிறார், எனக்கு உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. போர்ட் திறப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? திறக்காமல் அக்கா பார்க்க வழி உண்டா? கணவரின் அலுவலக மடிக்கணினியும் அதே வைஃபையில்தான் இருக்கிறது, அதற்கு ஏதும் ஆகுமா? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை நான் திறந்து பார்த்ததே இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பது ஃபைபர் இணைப்பு.


பக்கெட்_பார்வை எழுதியது:

திறக்க வேண்டாம். அவர் மறுபடி வந்தாலும் அந்த வேலையை மட்டும் செய்ய விடாதீர்கள், மிச்சத்தை ஆறுதலாகப் பார்க்கலாம்.

வீட்டுக் கருவிகளுக்கு ரவுட்டர் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுக்கிறது. அந்த முகவரி வீட்டுக்கு வெளியே செல்லுபடியாகாது, ஆகவே வெளியிலிருந்து யாரும் உங்கள் கமராவை நேராகத் தொடர்புகொள்ள முடியாது. போர்ட் திறப்பது என்பது, இந்த எண்ணைத் தேடி வெளியிலிருந்து எவர் வந்தாலும் ஒன்றும் விசாரிக்காமல் கமராவிடம் அனுப்பிவிடு என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பது. அக்காவுக்காகத்தான் திறக்கிறீர்கள், ஆனால் ரவுட்டருக்கு அக்கா யார் என்று தெரியாது. இணையத்தில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாக இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் எத்தனையோ உண்டு. ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இதை வெளிப்படையாகவே செய்கிறது, எந்த முகவரியில் என்ன வகைக் கமரா பதில் தருகிறது என்று எவரும் அதில் தேடலாம். நாங்கள் சாதாரண ஆட்கள், எங்கள் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். யாரும் உங்களைத் தேடுவதில்லை. அகப்படுகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஒன்றிலிருந்து ஆறு வரைக்கு வருகிறேன். 2016இல் மிராய் என்ற தீநிரல் வந்தது. தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் பயனர் பெயர், பாஸ்வேர்ட் சோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு, அகப்பட்ட கருவியில் எல்லாம் அவற்றைப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான் அதன் வித்தை. லட்சக்கணக்கான கமராக்களும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகளும் ரவுட்டர்களும் அதன் கைக்குப் போயின. 2016 ஒக்டோபர் 21ஆம் திகதி அவற்றை ஏவி, இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி தேடிக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. கமராக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களுக்குப் படம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அதுதான் இதில் மிகவும் கவலையான விஷயம், கருவி கைமாறியதற்கு வீட்டில் எந்த அடையாளமும் இருக்காது.

பாஸ்வேர்டைக் கடினமாக மாற்றிவிட்டுத் திறந்தால் சரிதானே என்று நினைக்கலாம். அதுவும் போதாது. ஹிக்விஷன் கமராக்களில் 2021 செப்டம்பரில் தெரியவந்த ஓட்டை (சிவிஇ-2021-36260) பாஸ்வேர்டே இல்லாமல் கமராவை முழுதாகக் கைப்பற்ற இடம் கொடுத்தது, கடுமை 10க்கு 9.8 என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு டாஹுவாவிலும் லொகினைத் தாண்டிப் போகும் ஓட்டை ஒன்று வெளிவந்தது. இரண்டும் உலகத்தின் ஆகப் பெரிய கமரா நிறுவனங்கள், இரண்டும் திருத்தம் வெளியிட்டன. ஆனால் வீடுகளில் பூட்டியிருக்கும் கமராவுக்கு அந்தத் திருத்தத்தை யார் போனார்கள் போட? பெயர் தெரியாத கம்பனிக் கமராவுக்குத் திருத்தம் வருவதே அரிது. அதனால் கமரா இணையத்துக்கு நேரே முகம் காட்டக் கூடாது என்பதுதான் என் முதல் விதி, பாஸ்வேர்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

இன்றைக்கே செய்யக்கூடியது: போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போது உலாவியில் 192.168.1.1 என்று அடியுங்கள், அல்லது ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முகவரியை. உள்ளே போனதும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அது வைஃபை பாஸ்வேர்ட் ஆக இருக்கக் கூடாது, தாளில் எழுதி வீட்டில் வைப்பதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு போர்ட் ஃபோர்வர்டிங் அல்லது விர்ச்சுவல் சேர்வர் என்ற பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள், டிஎம்இசட் (ஒரு கருவியை முழுதாக வெளியே காட்டிவிடும் வசதி) அணைந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். டபிள்யூபிஎஸ்ஸை (வைஃபை பாஸ்வேர்ட் அடிக்காமலே கருவிகளைச் சேர்க்கும் வசதி) அணையுங்கள், அதன் எட்டு இலக்கப் பின்னை அதிகம் போனால் 11,000 தடவை முயன்றாலே கண்டுபிடிக்கலாம் என்று 2011இலேயே காட்டிவிட்டார்கள். யூபிஎன்பியையும் அணையுங்கள்.

மடிக்கணினி பற்றிக் கேட்டீர்கள். ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை என்று ஒன்று இருக்கும், கமரா இரண்டையும் அதில் போடுங்கள், உங்கள் போன்களும் மடிக்கணினியும் பழைய வைஃபையிலேயே இருக்கட்டும். கமரா கெட்டுப்போனாலும் பக்கத்தில் உள்ள கணினியைத் தொட முடியாது. ஆனால் சில ரவுட்டர்களில் கெஸ்ட் என்று பெயர் மட்டும்தான், பிரிப்பு இல்லை. போனைக் கெஸ்ட்டில் சேர்த்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், திறக்கவில்லை என்றால் நல்லது.


கம்பிவேலை13 எழுதியது:

தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனையில் கமரா பூட்டும் வேலை செய்கிறவன். மேலே சொன்னதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தத் தம்பியை ஏமாற்றுக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் டிவிஆர் பெட்டிக்கு இப்போதுள்ள மாதிரிக் கிளவுட் வசதி இருக்கவில்லை, வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் போர்ட் திறந்து, முகவரி மாறினாலும் பிடித்துக்கொள்ள டிடிஎன்எஸ் ஒன்று போட்டுக் கொடுப்பதுதான் வழி. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியது அப்படியே நிற்கிறது. பழைய வீடுகளுக்குத் திருத்த வேலைக்குப் போனால் 8000, 37777, 34567 என்ற எண்கள் இன்னும் திறந்தபடி கிடக்கும், வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் முதலில் அவற்றை மூடிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பது.

4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, ஏனென்றால் ஒரே வெளிமுகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பார்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இணைய ஐபி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால் அப்படித்தான். அதற்காக நிலையான ஐபிக்கு மாதாமாதம் காசு கட்டாதீர்கள், தேவையில்லை.

இப்போது வேலையை ஒழுங்காகச் செய்யும் முறை. ஹோல் கமராவை முதலில் ரீசெட் செய்யுங்கள், பொத்தானைப் பத்து விநாடி அளவு அழுத்திப் பிடித்தால் பெரும்பாலானவை தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். பிறகு நீங்களே உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து சேருங்கள். இது முக்கியம், ஏனென்றால் பல இடங்களில் பூட்ட வருகிறவர் தன் சொந்தக் கணக்கில் கமராவைச் சேர்த்துவிட்டு வீட்டுக்காரருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார், அப்போது வீட்டின் படம் கடைசிவரை அவர் போனிலும் இருக்கும். உங்கள் வீட்டில் எந்தக் கணக்கு உரிமையாளர் என்று முதலில் பாருங்கள். பாவித்த கமரா வாங்கினாலும் இதே சிக்கல் உண்டு, பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் உங்கள் கைக்கு வரும்.

சேர்க்கும்போது கமரா வைஃபையைக் காணவில்லை என்று நின்றால் பயப்பட வேண்டாம், மலிவான கமராக்களுக்கு வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. கெஸ்ட் வைஃபையை 2.4இல் மட்டும் வைத்தால் தலையிடி இல்லை. பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தாலும் பழைய கமரா சேராது, டபிள்யூபிஏ2 போதும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒரு வீட்டில் நின்றால் பக்கத்து வீட்டு வைஃபைகள் ஒரு பட்டியலே தெரியும், படம் விட்டுவிட்டு வந்தால் சனலை 1, 6, 11 என்ற மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். சேர்ந்ததும் மென்பொருள் அப்டேட், அதற்குப் பிறகு நேர வலயம். நேரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பெட்டியிலிருந்து வரும்போது வேறு நாட்டு நேரம் இருக்கும், நாளைக்கு ஒரு திருட்டு நடந்து பொலிசுக்குக் காட்டப் போனால் படத்தில் அதிகாலை என்று இருக்கும், நடந்தது மத்தியானமாக இருக்கும்.

பதிவுக்கு எஸ்டி கார்ட் போடுங்கள், கமராவுக்கென்று விற்கும் அதிகம் எழுதித் தாங்கும் வகையாகப் பார்த்து. முழுத் தெளிவில் விநாடிக்கு 2 மெகாபிட் என்று எடுத்தால் மணிக்கு 0.9 ஜிபி போகும், 64 ஜிபி கார்டில் இடைவிடாமல் பதிந்தால் மூன்று நாள் அளவு நிற்கும், அசைவு வந்தால் மட்டும் பதி என்று வைத்தால் இன்னும் கூட. 4ஜிக்காரர்கள் இதே கணக்கை வைத்துத் தங்கள் டேட்டாவையும் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து நேரடிப் படத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அவ்வளவு போகும். வாசல் கமராவை வெளியே பூட்டுவதாக இருந்தால் கடற்காற்றுக்கு இணைப்பு முனைகள் சீக்கிரம் துரு ஏறிவிடும், நீர் புகாத சிறு பெட்டிக்குள் போட்டு மூடச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ யூனிட்டி பிளாசாவிலோ வாங்குங்கள், எங்கே வாங்கினாலும் பெட்டியைத் திறந்து முதல் தடவை போடும்போது புதுப் பாஸ்வேர்ட் வை என்று அதுவே கட்டாயப்படுத்துகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். லண்டனிலிருந்து யாராவது கொண்டுவருவதாக இருந்தால் இன்னும் நல்லது, அங்கே 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்கச் சட்டம் விடாது, பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் வரும் என்றும் விற்கிறவர் சொல்லியாக வேண்டும்.


தெஹிவளைவாசி எழுதியது:

அண்ணா சொன்ன முறை சரி, கிளவுட் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் கொஞ்சம் பயந்தவன். போர்ட் திறக்காமல் ஆப்பில் படம் வருவது எப்படி என்றால், கமரா தானே வெளியே போய்க் கம்பனியின் சேர்வரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, போனும் அதே சேர்வரைப் பிடிக்கிறது, இரண்டையும் அது சேர்த்துவைக்கிறது. அந்தச் சேர்வர் பலவீனமாக இருந்தால் வீட்டு ரவுட்டர் எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பிரயோசனம் இல்லை. 2019இல் ஐலிங்க் பீடுபீ என்ற பாகத்தில் வந்த ஓட்டை இதுதான், பல பெயர்களில் விற்ற இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் அது இருந்தது, கமராவின் யூஐடி எண்ணை ஊகித்தே தொடர்புகொள்ள முடிந்தது. அந்த எண்தான் கமராவின் அடியில் கியூஆர் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பது. தயவுசெய்து அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

என் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றில் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருள் போட்டிருக்கிறேன். அது வயர்கார்ட் என்ற விபிஎன்னின் (இணையத்துக்குள் பூட்டிய தனிவழி) மேல் ஓடுகிறது, போர்ட் எதுவும் திறக்க வேண்டியதில்லை, 4ஜியிலும் வேலை செய்யும், தனி ஆட்களுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. வீட்டு நெட்வேர்க்கின் முகவரி வரிசையை, உதாரணத்துக்கு 192.168.1.0/24 என்று, அதில் அறிவித்து அவர்களின் நிர்வாகப் பக்கத்தில் அனுமதித்துவிட்டால், அக்காவின் போன் டொரண்டோவில் இருந்துகொண்டே வீட்டுக்குள் இருப்பது போல நடந்துகொள்ளும். கமராவுக்கு வெளி இணையமே இல்லாமல் ரவுட்டரில் தடுத்துவிடலாம். கம்பனியின் ஆப் இல்லாமலும் படம் பார்க்க விடும் ஆர்டிஎஸ்பி அல்லது ஓன்விஃப் என்ற பொது முறையை ஏற்கும் கமராவாக மட்டும் இருக்க வேண்டும்.


கம்பிவேலை13 எழுதியது:

தம்பி சொல்வது தொழில்நுட்பத்தில் ஆகச் சிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பை ஒரு நாள் நின்றுபோனால் யார் திருத்துவது? கரண்ட் போய் வந்தபின் அது எழும்பவில்லை என்றால், ஒன்றுமே பார்க்க முடியாமல் டொரண்டோவில் ஒருவர் பதறிக்கொண்டு இருப்பார். வீட்டில் இதெல்லாம் தெரிந்த ஆள் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பெயருள்ள கம்பனிக் கமரா, உங்கள் சொந்தக் கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்ட். அக்காவுக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், ஆப்பில் உள்ள பகிர்வு வசதியில் அவருடைய கணக்குக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள், நாளைக்கு அவர் போன் தொலைந்தாலும் அதை மட்டும் நீக்கிவிடலாம்.


நாலாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் மெத்த நன்றி. கணவரும் நானும் இருந்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்தோம். போர்ட் ஃபோர்வர்டிங் பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் யூபிஎன்பி பக்கத்தில் இரண்டு வரி இருக்கிறது, இரண்டிலும் ஹோல் கமராவின் உள்முகவரி, ஒன்றில் 80, ஒன்றில் 554. இதை யாரும் போடவில்லை, தம்பியும் ரவுட்டரைத் தொடவில்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் திறந்தா கிடந்தது? யாராவது பார்த்திருப்பார்களா?

உரிமையாளர் கணக்கு எங்களுடையதுதான், அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.


பக்கெட்_பார்வை எழுதியது:

ஆம், திறந்துதான் கிடந்திருக்கிறது. யூபிஎன்பி என்பது, வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் ரவுட்டரிடம் எனக்கொரு போர்ட் திற என்று கேட்க, ரவுட்டர் உடனே திறந்து கொடுக்கிற ஏற்பாடு. விளையாட்டுக் கருவிகளுக்கு வசதி என்று வைத்தது, பல கமராக்களில் அது தொழிற்சாலையிலிருந்தே இயங்கும் நிலையில் வருகிறது. 554 என்பது நேரடிப் படம் ஓடும் போர்ட். ஆகவே யாராவது பார்த்திருக்க வழி இருந்தது. பார்த்தார்களா என்பதை இப்போது அறிய முடியாது, அம்மாவிடம் அதைச் சொல்லிப் பயப்படுத்தவும் வேண்டாம், இனிமேல் முடியாதபடி செய்துவிடலாம்.

ரவுட்டரில் யூபிஎன்பியை அணைத்து, கமராவின் நெட்வேர்க் அமைப்பிலும் அதே பெயரில் உள்ளதை அணையுங்கள். அண்ணா சொன்ன வரிசையில் கமராவை ரீசெட் செய்து, அப்டேட் போட்டு, புதுப் பாஸ்வேர்ட் வையுங்கள். மிராய் மாதிரியானவை நினைவகத்தில் மட்டும் இருப்பவை, கமராவை அணைத்துப் போட்டாலே போய்விடும், ஆனால் வழி திறந்தே இருந்தால் சில நிமிடத்தில் திரும்பி வரும், அதனால் போர்ட்டை மூடிவிட்டுப் பிறகு ரீசெட். கடைசியில் ரவுட்டரையும் ஒரு தடவை அணைத்துப் போட்டு அந்தப் பட்டியல் வெறுமையா என்று பாருங்கள். வெளியிலிருந்தும் சோதியுங்கள்: போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், ரவுட்டரின் நிலைப் பக்கம் காட்டிய இணைய ஐபியை உலாவியில் அடியுங்கள். லொகின் பக்கம் எதுவும் வரக் கூடாது.


மாலைவெயில் எழுதியது:

தொழில்நுட்பம் எனக்கு அவ்வளவு தெரியாது, என் மாமியைப் பகலில் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம், அதனால் எழுதுகிறேன். கோடைகாலத்தில் டொரண்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். அக்கா இரவு பதினொன்றுக்குப் படுக்குமுன் பார்த்தால் இங்கே காலை எட்டரை, அப்போது வேலைக்கு வரும் அக்காவே வீட்டில் நிற்கிறார். பதினொரு மணிக்கு அவர் போனபின் அம்மா தனித்திருக்கும் நேரம் டொரண்டோவில் இரவு ஒன்றரையிலிருந்து விடிகாலை வரை. அக்கா நல்ல தூக்கத்தில் இருப்பார். நீங்கள் வேலையில் இருப்பீர்கள். கமரா பார்த்துக்கொண்டிருக்கும், மனிதர் யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். விழுந்தவரைக் கமரா தூக்கிவிடாது.

அதனால் அம்மாவின் கழுத்திலோ கையிலோ அழைப்பு மணி ஒன்று, அழுத்தினால் உங்கள் போனுக்கு வருகிற மாதிரி, கமராவுக்கும் முன்பாக அதைப் போடுங்கள். முதியவர்கள் விழுவது குளியலறையில் கூட, அங்கே கமரா வைக்க முடியாது, மணி வைக்கலாம், கைபிடி பூட்டலாம், வழுக்காத விரிப்புப் போடலாம். பக்கத்து வீட்டில் ஒரு திறப்புக் கொடுத்துவையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை இங்கிருந்து யாராவது அழைக்க வேண்டும், அந்த மாதிரிக் குறுகிய எண்ணை டொரண்டோவிலிருந்து அழைக்க முடியாது, ஆகவே அக்காவின் போனில் பக்கத்து வீட்டு எண் இருக்க வேண்டும்.

ஹோல் கமராவைப் பற்றி அம்மாவிடமே கேளுங்கள். எங்கே வைத்தால் அவருக்குச் சங்கடம் இல்லை என்று அவர் சொல்லட்டும். நாங்கள் கட்டிலைப் பார்க்காமல் குசினி வாசலையும் நடைவழியையும் மட்டும் பார்க்கிற மாதிரித் திருப்பினோம், எழும்பி நடக்கும்போதுதானே விழுவது. பல ஆப்களில் நேர அட்டவணை இருக்கிறது, நீங்கள் வீட்டில் நிற்கும் நேரம் தானாக அணையும்படி வைக்கலாம், அல்லது லென்ஸ் மூடிக்கொள்ளும் வகைக் கமரா உண்டு, மூடியது கண்ணுக்குத் தெரிந்தால் வயதானவர்களுக்கு நிம்மதி. ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், வேலைக்கு வரும் அக்காவும் அம்மாவும் கதைப்பது எங்கும் பதிவாக வேண்டியதில்லை. கமரா இருக்கிறது என்று அவருக்கும் முதலிலேயே சொல்லுங்கள், சொல்லாமல் வைப்பது அவரை அவமதிப்பது. வாசல் கமராவில் எதிர்வீட்டுக் கதவு விழாமல் கோணத்தைச் சரிசெய்யுங்கள், நடைபாதை எல்லோருக்கும் பொது, தொடர்மாடி நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.


நாலாம்மாடி எழுதியது:

அந்த நேரக் கணக்கை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை அக்கா. இன்று அம்மாவை இருத்திக் கேட்டோம், கட்டில் தெரியக் கூடாது, மிச்சம் சரி என்றார். கமராவைக் குசினிப் பக்கம் திருப்பியாயிற்று. மணிக்குச் சொல்லியிருக்கிறோம், பக்கத்து அன்ரி திறப்பை வாங்கிக்கொண்டார்.

யூபிஎன்பி இப்போது வெறுமை, மொபைல் டேட்டாவில் ஒன்றும் திறக்கவில்லை. கமரா கெஸ்ட்டில், அக்காவுக்குப் பார்க்க மட்டும் பகிர்ந்தாயிற்று, படம் வருகிறதாம். கடைசியாக ஒன்று: இணைப்பு பழுதானால் நிறுவனத்திலிருந்து வருகிறவர்கள் ரவுட்டரை ரீசெட் செய்கிறார்கள், சிலவேளை புதிதே மாற்றுகிறார்கள். அப்போது இதெல்லாம் போய்விடுமா?


பக்கெட்_பார்வை எழுதியது:

போய்விடும், எல்லாம் ஸ்டிக்கரில் உள்ள பழைய நிலைக்கு வரும், யூபிஎன்பியும் திரும்ப இயங்கக்கூடும். இப்போதுள்ள ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் பாஸ்வேர்ட் தெரியாதபடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போனதும் நிர்வாகப் பாஸ்வேர்ட், யூபிஎன்பி, டபிள்யூபிஎஸ், கெஸ்ட் வைஃபை என்ற நாலையும் அதைப் பார்த்துத் திரும்பப் போடலாம். கெஸ்ட்டுக்குப் பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டுமே வைத்தால் கமரா தானாக வந்து சேரும், மறுபடி ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை.